வாக்காளர் அறியாமை

வாக்காளர் அறியாமை என்பது, தேர்தலில் வாக்களிக்கும் குடிமக்கள் வேட்பாளர்களின் கொள்கைகள், திட்டங்கள், கடந்தகாலச் செயற்பாடுகள் ஆகியவற்றைப் பற்றி மிகக் குறைவாக அறிந்தோ, முற்றிலும் அறியாமலோ தெரிவு செய்யும் நிலையைக் குறிக்கும் அரசறிவியல் கருத்தாகும். இங்கு அறியாமை என்னும் சொல் அறிவுக்குறைவையோ கல்வியின்மையையோ சுட்டுவதில்லை. ஒரு குறிப்பிட்ட பொருள் குறித்த தகவல் ஒருவரிடம் இல்லை என்பதை மட்டுமே சுட்டுகிறது. நன்கு படித்த மருத்துவர் ஒருவர் தமது தொகுதி வேட்பாளரின் நீர்ப்பாசனக் கொள்கையை அறியாதவராக இருக்கக்கூடும். எழுத்தறியாத உழவர் ஒருவர் அதனைத் துல்லியமாக அறிந்திருக்கவும் கூடும்.

மக்களாட்சி பற்றிய பழைய விளக்கங்கள் பலவும், வாக்காளர் எல்லா வேட்பாளர்களின் கொள்கைகளையும் ஒப்பிட்டு, தமக்கும் நாட்டுக்கும் ஏற்றதைத் தெரிவு செய்வார் என்று கொண்டன. 1940களில் தொடங்கிய மாதிரிக் கணக்கெடுப்பு ஆய்வுகள் இப்படிப்பட்ட வாக்காளர்கள் சிறுபான்மையினரே என்று காட்டின. அன்றிலிருந்து இத்துறையில் மூன்று கேள்விகள் ஆராயப்பட்டு வருகின்றன. வாக்காளர்கள் கொள்கைகளை ஏன் அறிந்துகொள்வதில்லை? அறியாமலே எதனைக் கொண்டு தெரிவு செய்கின்றனர்? அதனால் தேர்தல் முடிவுகள் தவறாகின்றனவா?

கருத்தின் வரலாறு

அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன் 1922இல் வெளியிட்ட "பொதுக்கருத்து" என்னும் நூலில், நேரில் காண இயலாத பரந்த உலகைப் பற்றி மக்கள் தம் மனத்தில் உள்ள எளிய படிமங்களைக் கொண்டே முடிவெடுக்கின்றனர் என்று வாதிட்டார். பொருளியலாளர் யோசப் சும்பீட்டர் 1942இல், தமது சொந்தத் தொழிலிலும் வீட்டு அலுவல்களிலும் காட்டும் கவனத்தைக் குடிமக்கள் அரசியலில் காட்டுவதில்லை என்றும், அரசியல் முடிவின் பயனோ இழப்போ தனி ஒருவரின் கருத்தைப் பொறுத்து நேரடியாக அமையாததே இதற்குக் காரணம் என்றும் கூறினார்.

இக்கருத்துக்களைக் களத்தில் சோதித்த முதன்மையான ஆய்வு, 1940ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது ஒகையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் நடத்தப்பட்டது. பால் லாசர்சுபெல்டு தலைமையிலான கொலம்பியா பல்கலைக்கழகக் குழுவினர் 600 பேர் கொண்ட ஒரு குழுவை மே முதல் நவம்பர் வரை திரும்பத் திரும்ப நேர்கண்டனர். பரப்புரை மக்களின் மனத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதை அறிவதே அவர்களின் நோக்கமாக இருந்தது. ஆனால் பரப்புரையால் கட்சி மாறியவர்கள் சிலரே. சமயம், பொருளாதார நிலை, வாழுமிடம் ஊரகமா நகரமா என்பவற்றைக் கொண்டே பெரும்பாலோரின் வாக்கை முன்கூட்டிக் கணிக்க இயன்றது. இம்முடிவுகள் 1944இல் "மக்களின் தெரிவு" என்னும் நூலாக வெளிவந்தன.

மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நால்வர் 1960இல் வெளியிட்ட "அமெரிக்க வாக்காளர்" என்னும் நூல், இளமையில் குடும்பத்தின் வழியாகப் பெறப்படும் கட்சிப்பற்றே வாக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்றது. அந்நால்வருள் ஒருவரான பிலிப் கான்வர்சு 1964இல் எழுதிய கட்டுரை இத்துறையில் மிகவும் மேற்கோள் காட்டப்படுவனவற்றுள் ஒன்று. கட்சிகளைப் பற்றி 1956ஆம் ஆண்டில் மக்கள் தம் சொற்களிலேயே கூறிய விடைகளை அவர் வகைப்படுத்தினார்.

- கொள்கை நெறியைக் கொண்டு கட்சிகளை மதிப்பிட்டவர்கள்: 2.5%
- கொள்கைச் சொற்களை ஓரளவு பயன்படுத்தியவர்கள்: 9%
- உழவர், தொழிலாளர் போன்ற குழுக்களின் நலனைக் கொண்டு மதிப்பிட்டவர்கள்: 42%
- காலம் நன்றாக இருந்ததா, கெட்டதாக இருந்ததா என்பதைக் கொண்டு மதிப்பிட்டவர்கள்: 24%
- கொள்கை தொடர்பான எதையும் குறிப்பிடாதவர்கள்: 22.5%

பின்னர் மைக்கேல் டெல்லி கார்ப்பினி, இசுக்காட் கீட்டர் ஆகிய இருவரும் 1996இல் வெளியிட்ட நூல், கல்வி பெருகியும் தொலைக்காட்சி பரவியும் அமெரிக்கர்களின் அரசியல் அறிவு அரை நூற்றாண்டில் பெரிதாக மாறவில்லை என்று காட்டியது.

ஏன் அறிந்துகொள்வதில்லை?

பகுத்தறிவுசார் அறியாமை

இக்கேள்விக்குப் பரவலாக அறியப்பட்ட விடையை அந்தோனி டவுன்சு 1957இல் வெளியிட்ட "மக்களாட்சி பற்றிய ஒரு பொருளியல் கோட்பாடு" என்னும் நூலில் தந்தார். தகவலைப் பெறுவதற்கு நேரமும் உழைப்பும் செலவாகின்றன. அச்செலவு முழுவதையும் வாக்காளரே ஏற்கிறார். பயனோ, அவருடைய ஒரு வாக்கு முடிவை மாற்றினால் மட்டுமே கிடைக்கும். எனவே அறியாமல் இருப்பதே தனி ஒருவர் நோக்கில் பகுத்தறிவுக்குப் பொருந்திய முடிவாகிவிடுகிறது. இதனைப் பகுத்தறிவுசார் அறியாமை என்பர்.

ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். நல்ல வேட்பாளர் வென்றால் ஒரு வாக்காளருக்கு 10,000 ரூபாய் மதிப்புள்ள பயன் கிடைக்கும் என்று கொள்வோம். அவருடைய ஒற்றை வாக்கு முடிவை மாற்றுவதற்கான வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்று எனக் கொள்வோம். அப்படியாயின் சரியான வேட்பாளரைக் கண்டறிவதால் அவர் எதிர்பார்க்கக்கூடிய பயன் ஒரு காசு மட்டுமே. ஒரு தேர்தல் அறிக்கையைப் படிக்கும் ஒரு மணி நேரத்துக்கு அது ஈடாகாது. அதே மனிதர் 10,000 ரூபாய்க்கு ஒரு கைப்பேசி வாங்கும்போது பல கடைகளில் விசாரிக்கிறார். ஏனெனில் அங்கு அவருடைய முடிவு முழுமையாக அவரையே சாரும்.

ஒரே வாக்கில் முடிவு தீர்மானிக்கப்பட்ட தேர்தல்களும் உண்டு. 2004இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளித் தொகுதியிலும், 2008இல் இராசத்தானின் நாத்துவாராத் தொகுதியிலும் ஒரு வாக்கு வேறுபாட்டில் வெற்றி அறிவிக்கப்பட்டது. எனினும் இவை அரிய நிகழ்வுகள் என்பதாலேயே நினைவுகூரப்படுகின்றன.

இக்கோட்பாட்டில் ஒரு முரண் உள்ளது. ஒரு வாக்குக்கு இவ்வளவு குறைந்த பயனே உண்டு என்றால், மக்கள் வரிசையில் நின்று வாக்களிப்பதே ஏன் என்ற கேள்வி எழுகிறது. வில்லியம் இரைக்கர், பீட்டர் ஆர்டெசுக் ஆகியோர் 1968இல், கடமையைச் செய்தோம் என்னும் நிறைவும் தன் பற்றை வெளிப்படுத்தும் மகிழ்வும் வாக்களிப்பின் பயன்களுள் அடங்கும் என்று விடை கூறினர். இவ்விரண்டும் வாக்குச்சாவடிக்குச் சென்றாலே கிடைத்துவிடுகின்றன. அவற்றைப் பெறக் கொள்கைகளைப் படித்திருக்க வேண்டியதில்லை. மிகுதியானோர் வாக்களிப்பதும், அவர்களுள் மிகச் சிலரே கொள்கை அறிந்திருப்பதும் ஒருங்கே நிகழ்வதை இது விளக்குகிறது.

வேட்பாளர் தரப்புக் காரணங்கள்

அறியாமைக்கு வாக்காளர் மட்டுமே பொறுப்பல்லர். தெளிவான நிலைப்பாடு ஒரு பிரிவினரை ஈர்க்கும்போது மற்றொரு பிரிவினரை விலக்குகிறது. எனவே கட்சிகள் தம் கொள்கைகளை வேண்டுமென்றே தெளிவற்றதாக வைத்துக்கொள்ளும் போக்கு உண்டு என்று டவுன்சே சுட்டிக்காட்டினார். எல்லாக் கட்சிகளும் ஏறத்தாழ ஒரே வாக்குறுதிகளைத் தரும்போது, கொள்கையை ஒப்பிட முயலும் வாக்காளருக்கும் வேறுபாடு தென்படுவதில்லை.

காரண வரிசையின் தலைகீழ் மாற்றம்

கொள்கை பிடித்திருப்பதால் வேட்பாளரைத் தெரிவு செய்கின்றனரா, வேட்பாளரைப் பிடித்திருப்பதால் அவருடைய கொள்கையை ஏற்கின்றனரா என்பது மற்றொரு சிக்கல். ஒரே மக்களை வெவ்வேறு காலங்களில் நேர்கண்ட கணக்கெடுப்புகளை ஆராய்ந்த கேப்ரியல் இலென்சு, பலர் முதலில் தலைவரைத் தெரிவு செய்து பின்னர் அவருடைய நிலைப்பாட்டைத் தமதாக்கிக்கொள்கின்றனர் என்று 2012இல் காட்டினார்.

எவற்றைக் கொண்டு தெரிவு செய்கின்றனர்?

முழுத் தகவல் இல்லாதபோது வாக்காளர்கள் எளிதில் கிடைக்கும் சிறு குறிப்புகளைப் பயன்படுத்துகின்றனர். அரசறிவியலில் இவை தகவல் குறுக்குவழிகள் எனப்படுகின்றன. சாமுவேல் பாப்கின் 1991இல் வெளியிட்ட "பகுத்தாராயும் வாக்காளர்" என்னும் நூல், குறைந்த தகவலைக் கொண்டும் வாக்காளர் ஓரளவு பகுத்தறிந்தே முடிவெடுக்கிறார் என்று வாதிட்டது.

கட்சி

மிகவும் பரவலான குறுக்குவழி கட்சியாகும். கட்சியின் பெயரோ சின்னமோ, வேட்பாளர் பெரும்பாலும் எவற்றை ஆதரிப்பார், எவற்றை எதிர்ப்பார் என்பதை ஒரே பார்வையில் உணர்த்திவிடுகிறது. ஒரு பொருளின் தரத்தை அதன் வணிகக் குறியைக் கொண்டு ஊகிப்பதற்கு இது ஒப்பானது.

சமூகக் குழு

தன் சமயம், சாதி, மொழி, ஊர், தொழில் ஆகியவற்றைச் சார்ந்த ஒருவர் தன் நலனைக் காப்பார் என்ற ஊகம் மற்றொரு குறுக்குவழி. அரசியல் அறிஞர் காஞ்சன் சந்திரா இந்தியத் தேர்தல்களை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட நூலில், அரசுப் பணிகளும் சலுகைகளும் அரசியலர்களின் விருப்பப்படி வழங்கப்படும் இடங்களில் இது வலுப்பெறுகிறது என்றார். யாருக்கு எது கிடைத்தது என்ற முழு விவரம் வெளியில் தெரிவதில்லை. பெயர், தோற்றம், பேச்சு ஆகியவற்றால் தெரியவரும் குழு அடையாளம் மட்டுமே எளிதில் கிடைக்கும் தகவலாக எஞ்சுகிறது.

கடந்தகால ஆட்சி

எதிர்காலத் திட்டங்களை ஒப்பிடாமல், ஆட்சியில் இருப்போர் காலத்தில் வாழ்க்கை மேம்பட்டதா என்று மட்டும் பார்த்து வாக்களிப்பதைப் பின்னோக்கு வாக்களிப்பு என்பர். வி. ஓ. கீ (1966), மோரிசு பியோரினா (1981) ஆகியோர் இதனை விரித்துரைத்தனர். இம்முறையில் வாக்காளர் சட்ட நுணுக்கங்களை அறிய வேண்டியதில்லை. விலைவாசி, வேலை, மின்சாரம், குடிநீர் ஆகியவை அன்றாட வாழ்விலேயே தெரிந்துவிடுகின்றன.

நம்பத்தக்கவரின் நிலைப்பாடு

கலிபோர்னியா மாநிலத்தில் 1988இல் வாகனக் காப்பீட்டுக் கட்டணம் தொடர்பாக ஐந்து முன்மொழிவுகள் ஒரே நாளில் மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டன. அவை சாதாரண மக்களுக்கு எளிதில் விளங்காதவையாக இருந்தன. அவ்வாக்கெடுப்பை ஆராய்ந்த ஆர்தர் லூப்பியா, முன்மொழிவுகளின் உள்ளடக்கத்தை அறியாதபோதும் காப்பீட்டு நிறுவனங்கள் எதனை ஆதரித்தன என்பதை மட்டும் அறிந்திருந்த வாக்காளர்கள், உள்ளடக்கத்தை நன்கறிந்தவர்களைப் போலவே வாக்களித்தனர் என்று 1994இல் காட்டினார். யார் ஆதரிக்கிறார், யார் எதிர்க்கிறார் என்பதே போதிய தகவலாக அமையலாம் என்பதற்கு இது முதன்மையான சான்றாகக் கொள்ளப்படுகிறது.

தோற்றமும் சிறு செய்கைகளும்

பிரின்சுடன் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் டொடோரோவும் பிறரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மேலவைத் தேர்தல்களில் போட்டியிட்ட இருவரின் படங்கள் முன்பின் அறியாதவர்களுக்குக் காட்டப்பட்டன. யார் திறமையானவராகத் தோன்றுகிறார் என்று மட்டும் கேட்கப்பட்டது. அவர்கள் சுட்டியவரே 71.6% போட்டிகளில் வென்றவராக இருந்தார். ஒரு நொடி மட்டுமே படம் பார்த்தவர்களின் கணிப்பும் தற்செயலைவிட மேலானதாக இருந்தது. யான் அந்தோனாக்கிசு, ஒலாப் தால்காசு ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் சுவிட்சர்லாந்துச் சிறுவர்களிடம், கடற்பயணத்துக்குத் தலைவராக யாரைக் கொள்வீர்கள் என்று கேட்டுப் பிரான்சு நாட்டு வேட்பாளர்களின் படங்களைக் காட்டினர். சிறுவர்களின் தெரிவும் உண்மையான தேர்தல் முடிவுகளோடு பெரிதும் ஒத்துப்போனது.

சிறு செய்கைகளும் தகவலாகக் கொள்ளப்படுகின்றன. 1976இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் செரால்டு போர்டு, டெக்சாசு மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரில் பரப்புரையின்போது, சோளத் தோகையில் பொதிந்து அவிக்கப்படும் தமாலே என்னும் மெக்சிக்கோ உணவைத் தோகையை நீக்காமலே கடித்தார். எம் உணவை எப்படி உண்பது என்றே அறியாதவர் எம் குறைகளை எங்ஙனம் அறிவார் என்று வாக்காளர் எண்ணுவது பொருளற்றதன்று என்பதற்குப் பாப்கின் இந்நிகழ்வை எடுத்துக்காட்டாகத் தந்தார்.

பெயரும் வாக்குச்சீட்டு வரிசையும்

ஒகையோ மாநிலத்தின் 1992ஆம் ஆண்டுத் தேர்தல்களை ஆராய்ந்த மில்லர், குரோசுனிக் ஆகியோர், ஏறத்தாழ பாதிப் போட்டிகளில் பெயர் வரிசை முடிவைப் பாதித்தது என்றும், முதலிடத்தில் பெயர் அமைவது சராசரியாக 2.5 விழுக்காட்டுப் புள்ளி அளவு பயன் தந்தது என்றும் 1998இல் காட்டினர். கட்சிப்பெயர் இல்லாத போட்டிகளில் இப்பயன் மிகுந்திருந்தது.

வாக்களிப்பதும் விருப்ப வரிசை இடுவதும் கட்டாயமான ஆத்திரேலியாவில், பெயர்களை மேலிருந்து கீழாக அப்படியே எண்ணிட்டுச் செல்வது "கழுதை வாக்கு" எனப்படுகிறது. 1937ஆம் ஆண்டு மேலவைத் தேர்தலில் நியூ சவுத் வேல்சு மாநிலத் தொழிற்கட்சி அமோர், ஆசுலி, ஆம்சுட்ராங், ஆர்தர் என்னும் நால்வரை நிறுத்தியது. ஆங்கில அகர வரிசையில் நால்வர் பெயரும் முதல் எழுத்திலேயே தொடங்கின. நால்வரும் வென்றனர். பின்னர் மேலவை வாக்குச்சீட்டில் குழுக்களின் வரிசை குலுக்கல் முறைக்கு மாற்றப்பட்டது. கீழவைக்கு இம்முறை 1984இல் வந்தது.

இந்தியாவில்

இந்தியாவின் முதலாவது பொதுத்தேர்தல் 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடைபெற்றது. ஏறத்தாழ 17.3 கோடிப் பேர் வாக்குரிமை பெற்றிருந்தனர். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு பெற்றவர்கள் 18.33% மட்டுமே. எனவே தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் தலைமையில் சின்னங்கள் அறிமுகப்படுத்தப்பட்டன. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி வாக்குப்பெட்டி வைக்கப்பட்டு, அதன்மேல் அவருடைய சின்னம் ஒட்டப்பட்டது. வாக்காளர் தமக்கு விருப்பமான பெட்டியில் சீட்டை இட்டார். பெயரும் சின்னமும் அச்சிட்ட சீட்டில் முத்திரை இடும் முறை பின்னரே பரவியது.

எழுத்தறியாதவருக்கு உதவும் கருவியாகத் தொடங்கிய சின்னம், படித்தவர்க்கும் முதன்மையான தகவலாக மாறியது. சின்னத்துக்காகக் கட்சிப் பிரிவுகள் தேர்தல் ஆணையத்திலும் நீதிமன்றத்திலும் போராடுவது இதனை உணர்த்தும். எம். ஜி. இராமச்சந்திரனின் மறைவுக்குப் பின் அ.இ.அ.தி.மு.க. பிளவுற்றபோது இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் செயலலிதா அணி சேவல் சின்னத்திலும் சானகி அணி இரட்டைப் புறா சின்னத்திலும் போட்டியிட்டன. தி.மு.க. வென்றது. அணிகள் இணைந்தபின் இரட்டை இலை மீண்டும் கிடைத்தது.

சின்னத்தைப் பார்த்து வாக்களிப்பது அறியாமையின் அடையாளம் என்று எப்போதும் கொள்ள இயலாது. 1985ஆம் ஆண்டின் 52ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கட்சித்தாவலைத் தடை செய்தது. கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி அவையில் வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். எனவே வேட்பாளரின் தனிப்பட்ட கொள்கை எதுவாக இருப்பினும் அவையில் அவர் கட்சியின் முடிவுப்படியே வாக்களிப்பார். இந்நிலையில் வேட்பாளரின் கருத்துக்களை ஆராயாது கட்சியை மட்டும் பார்ப்பது அமைப்புக்குப் பொருந்திய முடிவே ஆகும். எனினும் வேட்பாளரின் நேர்மை, உழைப்பு ஆகியவை கவனம் பெறாமல் போவது இதன் மறுபக்கமாகும்.

குறுக்குவழிகள் தவறான வழியிலும் பயன்படுத்தப்படுகின்றன. முதன்மை வேட்பாளரின் பெயரை ஒத்த பெயருடைய ஒருவரைச் சுயேச்சையாக நிறுத்தி வாக்குகளைச் சிதறடிப்பது இவற்றுள் ஒன்று. 2004இல் கேரளத்தின் ஆலப்புழை மக்களவைத் தொகுதியில் காங்கிரசின் வி. எம். சுதீரன் 1,009 வாக்குகளில் தோற்றார். தலைப்பெழுத்தில் மட்டும் மாறுபட்ட அதே பெயர் கொண்ட ஒரு சுயேச்சை 8,282 வாக்குகள் பெற்றிருந்தார். இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்க 2015 மே மாதம் முதல் வாக்குப்பதிவு எந்திரத்தில் ஒட்டப்படும் சீட்டில் வேட்பாளரின் ஒளிப்படமும் இடம்பெறுகிறது.

தகவல் மிகுதியும் தெரிவைக் கடினமாக்கலாம். 1996இல் தமிழ்நாட்டின் மொடக்குறிச்சிச் சட்டமன்றத் தொகுதியில் உழவர் சிக்கல்களை முன்வைத்துப் பலரும் போட்டியிட்டதால் 1,033 வேட்பாளர்கள் களத்தில் இருந்தனர். வாக்குச்சீட்டு ஒரு நூல் வடிவில் அச்சிடப்பட்டது. ஓர் ஆயிரம் கொள்கைகளை ஒப்பிடுவது எவருக்கும் இயலாது. பெருங்கட்சி ஒன்றின் வேட்பாளரான சுப்புலட்சுமி செகதீசனே வென்றார். அதே ஆண்டில் சட்டமன்றத் தேர்தலுக்கான பிணைத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இலங்கையில்

இலங்கையில் 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசாரத் தேர்தல் முறையை ஏற்படுத்தியது. 1989ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல் முதல் வாக்காளர்கள் ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ வாக்களித்தபின், அதன் பட்டியலில் உள்ள மூவர் வரை விருப்பு வாக்கும் அளிக்கலாம். வாக்குச்சீட்டில் கட்சியின் பெயரும் சின்னமும் உள்ளன. வேட்பாளர்கள் எண்களால் மட்டுமே குறிக்கப்படுகின்றனர். இதனால் வேட்பாளர்களின் பரப்புரை தம் விருப்பு எண்ணை வாக்காளர் மனத்தில் பதியவைப்பதிலேயே பெரிதும் கவனம் செலுத்துகிறது. ஒரே கட்சியைச் சேர்ந்தோர் தமக்குள் போட்டியிடும்போது கட்சி என்னும் குறுக்குவழி பயன்படாது. பெயரறிமுகமும் சுவரொட்டிகளும் அந்த இடத்தைப் பிடிக்கின்றன.

விளைவுகள் பற்றிய விவாதம்

தவறுகள் ஒன்றையொன்று நீக்கும் என்னும் கருத்து

பிரெஞ்சு அறிஞர் காண்டோர்சே 1785இல் ஒரு கணிதத் தேற்றத்தை வெளியிட்டார். ஒவ்வொருவரும் சரியானதைத் தெரிவு செய்யும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேலாக இருந்தாலே, வாக்காளர் எண்ணிக்கை பெருகும்போது பெரும்பான்மை முடிவு சரியாக இருக்கும் வாய்ப்பு முழுமையை நெருங்கும் என்பது அதன் சாரம். எடுத்துக்காட்டாக, 10,001 பேரில் ஒவ்வொருவரும் சரியாக இருக்கும் வாய்ப்பு 51% மட்டுமே என்றாலும், பெரும்பான்மை முடிவு சரியாக இருக்கும் வாய்ப்பு 97%க்கும் மேலாகும். பெஞ்சமின் பேசு, இராபர்ட் சபீரோ ஆகியோர் 1992இல் இதனை ஒத்த வாதத்தை முன்வைத்தனர். அறியாதவர்களின் வாக்குகள் இருபக்கமும் சமமாகச் சிதறி ஒன்றையொன்று நீக்கிவிடும், அறிந்தவர்களின் வாக்கே முடிவைத் தீர்மானிக்கும் என்பது அவ்வாதம்.

மறுப்புகள்

இத்தேற்றத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. தவறுகள் ஒன்றையொன்று சாராதவையாக இருத்தல் வேண்டும். எல்லோரும் ஒரே வதந்தியை நம்பினால் தவறுகள் ஒரே பக்கம் சாயும். பொருளியலாளர் பிரையன் காப்லன் 2007இல், பொருளாதாரம் குறித்து மக்கள் கொண்டுள்ள தவறான கருத்துக்கள் தற்செயலானவை அல்ல, ஒரே திசையில் சாய்ந்தவை என்று வாதிட்டார். இலாரி பார்டெல்சு 1996இல், அனைவரும் முழுத் தகவல் பெற்றிருந்தால் எவ்வாறு வாக்களித்திருப்பர் என்பதைப் புள்ளியியல் முறையில் மதிப்பிட்டார். ஆறு அமெரிக்கத் தேர்தல்களில், பதவியில் இருந்தோர் அவ்வாறு பெற்றிருக்கக்கூடியதைவிட ஏறத்தாழ 5 விழுக்காட்டுப் புள்ளிகள் மிகுதியாகப் பெற்றனர் என்பது அவருடைய முடிவு.

பின்னோக்கு வாக்களிப்பும் குறையற்றதன்று. 2009இல் ஆண்ட்ரூ கீலி, நீல் மல்கோத்திரா ஆகியோர், பேரிடருக்குப் பின் நிவாரணம் வழங்கும் அரசை அமெரிக்க வாக்காளர்கள் பாராட்டுகின்றனர், ஆனால் பேரிடரைத் தடுக்கும் முன்னேற்பாட்டுக்குச் செலவிடும் அரசைப் பாராட்டுவதில்லை என்று காட்டினர். முன்னேற்பாட்டில் செலவிடும் ஒரு டாலர் எதிர்காலத்தில் ஏறத்தாழ 15 டாலர் இழப்பைத் தவிர்க்கும் என்பதும் அவர்களின் மதிப்பீடு. நிவாரணம் கண்ணுக்குத் தெரிகிறது. உடையாத கரை கண்ணுக்குத் தெரிவதில்லை. வாக்காளர் எதனைக் காண்கிறாரோ அதனையே ஆட்சியாளர் செய்ய முற்படுவர் என்பதால், இந்த அறியாமையின் விலை உயிர்களாலும் உடைமைகளாலும் செலுத்தப்படுகிறது.

கிறித்தோபர் அச்சென், பார்டெல்சு ஆகியோர் 2016இல் வெளியிட்ட நூலில், 1916இல் நியூ செர்சிக் கடற்கரையில் நிகழ்ந்த சுறா தாக்குதல்களுக்காக அப்பகுதி மக்கள் குடியரசுத் தலைவர் வில்சனைத் தண்டித்தனர் என்றனர். ஆனால் அத்தரவுகளை மீளாய்வு செய்த ஆண்டனி பௌலர், ஆண்ட்ரூ ஆல் ஆகியோர் 2018இல் இதற்குப் போதிய சான்று இல்லை என்று மறுத்தனர்.

அறியாமையும் வாக்குரிமையும்

அறியாதவர்களுக்கு வாக்குரிமை எதற்கு என்ற கேள்வி பழமையானது. சான் சுடூவர்ட்டு மில் 1861இல், அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்றும், கல்வியில் சிறந்தோருக்குக் கூடுதல் வாக்குகள் வேண்டும் என்றும் எழுதினார். பிரித்தானியாவில் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு இருந்த கூடுதல் வாக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. தற்காலத்தில் மெய்யியலாளர் சேசன் பிரென்னன் 2016இல் வெளியிட்ட நூலில், அரசியல் அறிவுக்கேற்ப வாக்கு வலிமை அமையலாம் என்று வாதிட்டுள்ளார்.

இதற்கு எதிரான வலுவான வாதம் வரலாற்றிலிருந்து கிடைக்கிறது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வாக்காளராகப் பதிவு செய்ய எழுத்தறிவுத் தேர்வு நடத்தப்பட்டது. தேர்வாளர் விருப்பப்படி முடிவு கூறும் வகையில் அத்தேர்வு அமைந்திருந்ததால், கறுப்பின மக்களை வாக்களிக்கவிடாமல் தடுக்கும் கருவியாக அது பயன்பட்டது. எழுத்தறியாத வெள்ளையருக்குச் சில மாநிலங்கள் பாட்டனார் வாக்குரிமை பெற்றிருந்தால் போதும் என்று விலக்களித்தன. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் இத்தேர்வுகளை அங்கு நிறுத்தியது. 1970இல் இத்தடை நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. யார் அறிந்தவர் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் ஆள்வோரிடமே இருக்கும் என்பதே இதிலிருந்து பெறப்படும் படிப்பினை.

பிரித்தானிய இந்தியாவிலும் சொத்து, வரி, கல்வித் தகுதிகளின் அடிப்படையில் சிறுபான்மையினருக்கே வாக்குரிமை இருந்தது. 1928இல் சைமன் குழுவின் முன் சான்றளித்த பி. ஆர். அம்பேத்கர் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கோரினார். கல்வி மறுக்கப்பட்டவர்களுக்குக் கல்வி இல்லை என்று கூறி வாக்குரிமையையும் மறுப்பது ஓர் அநீதியின் மேல் மற்றோர் அநீதியை ஏற்றுவதாகும் என்பது இக்கோரிக்கையை ஆதரிப்போரின் வாதம். 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு கல்வித் தகுதி எதனையும் வாக்காளருக்கு விதிக்கவில்லை.

தகவலைப் பெருக்கும் முயற்சிகள்

வாக்காளரைக் குறைப்பதற்கு மாறாக, தகவலின் விலையைக் குறைக்கும் முயற்சிகள் பல நாடுகளில் மேற்கொள்ளப்பட்டுள்ளன.

- இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003ஆம் ஆண்டுத் தீர்ப்புகளின்படி, வேட்பாளர்கள் தம் சொத்து, கல்வி, குற்ற வழக்குகள் ஆகியவற்றை உறுதிமொழி ஆவணத்தில் தெரிவிக்க வேண்டும்.
- நெதர்லாந்தில் 1989இலும் செருமனியில் 2002இலும் தொடங்கப்பட்ட வாக்கு உதவிக் கருவிகள், சில வினாக்களுக்கு வாக்காளர் தரும் விடைகளைக் கட்சிகளின் நிலைப்பாட்டோடு ஒப்பிட்டுக் காட்டுகின்றன.
- சேம்சு பிசுக்கின் 1988இல் முன்மொழிந்த கலந்துரையாடல் கணிப்பில், குலுக்கல் முறையில் தெரிவான மக்கள் ஓரிடத்தில் கூடி, வல்லுநரிடம் வினவி, தமக்குள் உரையாடியபின் கருத்துத் தெரிவிக்கின்றனர். முதலாவது கணிப்பு 1994இல் இங்கிலாந்தின் மான்செசுடரில் நடைபெற்றது.

இவற்றின் பயன் குறித்த ஆய்வு முடிவுகள் கலவையானவை. பிரேசிலில் நகராட்சிக் கணக்குத் தணிக்கை முடிவுகள் 2004ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் வெளியிடப்பட்ட இடங்களில், ஊழல் செய்த நகரத் தலைவர்கள் மீண்டும் வெல்வது குறைந்தது. உள்ளூர் வானொலி இருந்த இடங்களில் இத்தாக்கம் மிகுதியாக இருந்தது. ஆனால் பல நாடுகளில் ஒருங்கே நடத்தப்பட்டு 2019இல் வெளியிடப்பட்ட களச்சோதனைகளில், வேட்பாளர் பற்றிய தகவலைத் தனித்தனியே வாக்காளரிடம் சேர்ப்பது சராசரியாக வாக்கை மாற்றவில்லை எனத் தெரிந்தது.

தகவல் வாக்கை மட்டுமன்றி ஆட்சியையும் பாதிக்கும் என்பதற்கு இந்தியாவிலிருந்தே ஒரு சான்று உண்டு. திமோதி பெசுலி, இராபின் பர்கசு ஆகியோர் 1958 முதல் 1992 வரையிலான மாநிலத் தரவுகளை ஆராய்ந்து 2002இல் ஒரு முடிவை வெளியிட்டனர். நாளிதழ் விற்பனை மிகுந்த மாநிலங்களில், பயிர் பொய்க்கும்போதும் வெள்ளத்தின்போதும் அரசு உணவுப் பகிர்வையும் நிவாரணத்தையும் விரைந்து பெருக்கியது. இத்தாக்கம் ஆங்கில நாளிதழ்களைவிட வட்டார மொழி நாளிதழ்களாலேயே பெரிதும் ஏற்பட்டது. மக்கள் தம் மொழியில் படிக்கிறார்கள் என்பதை அறிந்த அரசு, அவர்கள் கண்ணுக்குத் தெரியும் வகையில் செயற்பட வேண்டியதாகிறது.

இவற்றையும் பார்க்க

- வாக்குரிமை
- தேர்தல் சின்னம்
- பொதுத் தெரிவுக் கோட்பாடு
- காண்டோர்சே நடுவர் தேற்றம்
- கட்சித்தாவல் தடைச் சட்டம்
- விகிதாசாரத் தேர்தல் முறை